எந்தக் கிளையிலிருந்து எடுத்தீர்கள்?

எங்கள் நாற்றுப் பண்ணைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது ஒட்டா, விதையா?" என்றுதான். ஒட்டு என்றால் உசத்தி, விதை என்றால் மட்டம் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். பழனிக்குப் பக்கத்தில், ஆயக்குடி கொய்யாத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பண்ணை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மாமனாரோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டது ஒன்று. கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த மரத்திலிருந்து எடுத்தீர்கள்? அந்த மரத்திலும் எந்தக் கிளையிலிருந்து எடுத்தீர்கள்? விதையா, குச்சியா, பதியமா, ஒட்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விதையை மட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. பப்பாளி, தென்னை இரண்டையும் வீட்டளவில் விதையிலிருந்துதான் வளர்த்தாக வேண்டும். எலுமிச்சை விஷயம் இன்னும் அழகானது. ஒரு எலுமிச்சை விதையை ஊன்றிப் பாருங்கள், சில சமயம் இரண்டு மூன்று முளை கிளம்பும். அவற்றில் ஒன்று மகரந்தச் சேர்க்கையில் உண்டானதாக இருக்கலாம். மற்றவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவானவை, வேறு மரத்தின் கலப்பு இல்லாதவை. அதனால்தான் எலுமிச்சையை விதை போட்டே வளர்க்க முடிகிறது. நாற்றங்காலில் எல்லாம் ஒரே மாதிரி நிற்கும்போது, குட்டையாகவோ கோணலாகவோ அளவுக்கு மீறி உயரமாகவோ தனித்துத் தெரிகிறவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும். மிஞ்சுபவை அநேகமாகத் தாயைப் போலவே காய்க்கும். நல்லாக் காய்க்கிற மரத்துப் பழமாக எடுப்பது மட்டும் நம் பொறுப்பு.

மாவில் அப்படி இல்லை. நம் ஊரில் விரும்பிச் சாப்பிடும் இமாம் பசந்த், மல்கோவா, நீலம் எல்லாம் கொட்டைக்கு ஒரு கரு உள்ளவை, அதுவும் மகரந்தச் சேர்க்கையில் உண்டானது. இமாம் பசந்த் கொட்டையைப் போட்டால் மாமரம் வரும், இமாம் பசந்த் வராது. மேற்குக் கடற்கரைப் பக்கத்து ஒளூர், சந்திரக்காரன், மூவாண்டன் போன்றவற்றிலும், வெள்ளைக்கொழும்பானிலும் ஒரு கொட்டைக்குள் பல கரு இருக்கும். அவை எலுமிச்சை மாதிரி தாயின் குணத்தோடு வரும். ஒரே சீரான கன்றுகள் கிடைப்பதால் ஒட்டுக்கு அடிச்செடியாக, அதாவது வேர் தரும் கீழ்ச்செடியாக, அவற்றைத் தேடி எடுக்கிறவர்களும் உண்டு.

விதையில் பலரும் சறுக்குவது அதன் ஆயுளில். தக்காளி விதையைக் காயவைத்து டப்பாவில் போட்டு வைப்பது போல மாங்கொட்டையையும் பலாக்கொட்டையையும் வைக்கக்கூடாது. அவை காய்ந்தால் செத்துப்போகும். மாங்கொட்டையைப் பழம் சாப்பிட்ட சில நாளிலேயே ஊன்றிவிடுவது நல்லது. ஒரு மாதம் தாண்டினால் முளைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். கறிவேப்பிலையும் வேம்பும் இதே ரகம். கறிவேப்பிலைப் பழம் கறுத்ததும் பறித்து, சதையை நீக்கி, உடனே விதைத்தால் நெருக்கமாக முளைத்து நிற்கும். கடையில் பொட்டலமாக விற்கும் கறிவேப்பிலை விதையை வாங்கி ஏமாந்தவர்கள் என்னிடம் வந்து மண்ணைக் குறை சொல்வார்கள். மண் பாவம், அந்த விதைக்குள் உயிர் இருந்திருக்காது. காரமடைப் பக்கத்துச் செங்காம்பு மாதிரி வாசனை வேண்டுமென்றால் அந்த வாசனை உள்ள செடியைப் பார்த்து, அதன் பழத்தையோ, வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றையோ எடுங்கள்.

தென்னைக்குக் குச்சியும் கிடையாது, ஒட்டும் கிடையாது. ஆக எல்லாமே தேர்வில்தான் இருக்கிறது. வருடா வருடம் தவறாமல் காய்க்கிற, மட்டைத் தழும்புகள் நெருக்கமாக உள்ள, கொண்டை உருண்டையாக நிற்கிற மரம். அதில் முற்றிய நெற்று. அதை நாற்றங்காலில் போட்ட பிறகும் தேர்வு முடியாது. முதலில் முளைத்தது எது, கழுத்து கனமாக இருப்பது எது, ஓலை சீக்கிரமாகக் கீற்றுப் பிரிந்தது எது என்று பார்த்துப் பார்த்துக் கழிக்க வேண்டும். மாமா இந்த வேலையை யாரிடமும் விடமாட்டார். "இன்னைக்கு இரக்கப்பட்டா அறுபது வருஷம் அனுபவிக்கணும்மா" என்பார்.

அப்புறம் குச்சி. முருங்கையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் இரண்டு வழியும் உண்டு, இரண்டுக்கும் பயன் வேறு. பெரியகுளத்தில் உருவாக்கி 1989-இல் வெளியிட்ட பிகேஎம் 1 விதை முருங்கை. ஆறு ஏழு மாதத்தில் காய்க்கும், சில வருடம் கவாத்து செய்து, மறுபடி துளிர்ப்பதில் காய் எடுக்கலாம், பிறகு மாற்ற வேண்டும். மூலனூர் முருங்கை, வளையப்பட்டி முருங்கை, யாழ்ப்பாண முருங்கை எல்லாம் மரமாக நின்று பல வருடம் காய்ப்பவை. அவற்றைப் போத்து, அதாவது தடித்த கிளைத் துண்டு, வெட்டித்தான் நட வேண்டும். விதை போட்டால் காய் குட்டையாகலாம், கசக்கலாம். வீட்டுக்கு ஒரே ஒரு முருங்கை வேண்டும், தலைமுறைக்கும் நிற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் போத்தைத்தான் சொல்வேன்.

போத்து ஒரு மீட்டருக்குக் குறையாத நீளம், மணிக்கட்டுக் கனம் இருக்கட்டும். காய்த்து ஓய்ந்த கிளையாக இருக்கட்டும். வெட்டியவுடன் நடாமல் நிழலில் சில நாள் சாய்த்து வைத்து, வெட்டுவாய் ஆறிய பின் நடுங்கள். மேல் வெட்டில் சாணத்தை அப்பி வைப்பது வெறும் பழக்கம் அல்ல. அந்த வழியாக ஈரம் போவதையும் மழைத் தண்ணீர் இறங்கி அழுகுவதையும் அது தடுக்கிறது. நட்ட பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேரே இல்லாத கட்டை எதைக் குடிக்கும்?

வேர் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் குச்சி நடுவதில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். செம்பருத்தியோ நந்தியாவட்டையோ நடுகிறீர்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கணுவில் தளிர் விடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், வெயிலில் தூக்கி வைக்கிறார்கள், அடுத்த வாரம் கருகிப் போகிறது. அந்தத் தளிர் குச்சிக்குள் சேர்ந்திருந்த சாப்பாட்டில் வந்தது. அப்போது கீழே ஒரு வேர்கூட இருந்திருக்காது. தளிர் வந்தது வேருக்குச் சாட்சி இல்லை. இரண்டாம் முறை விடும் தளிர், அதுவும் நிறம் முற்றி இலை விரிந்து நின்றால், ஓரளவு நம்பலாம். இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் புறப்பட்ட வெள்ளை வேர் தொட்டாலே முறிந்துவிடும்.

வேர் வரும்வரை குச்சியிலிருந்து ஈரம் போகாமல் காப்பதுதான் நம் வேலை. அடி இலைகளை நீக்குங்கள், மேலே இரண்டு மூன்று இலையைப் பாதியாக வெட்டி விடுங்கள். இலை முழுக்க இல்லாமலும் இருக்கக்கூடாது. வேரைத் தூண்டும் பொருள் தளிரிலும் இலையிலும்தான் உண்டாகிறது. சுற்றிலும் காற்றில் ஈரம் வேண்டும். பெரிய பண்ணைகளில் தண்ணீரைப் பனி போலத் தூவும் பனிக்கூடம் இருக்கும். நமக்கு நான்கு மூங்கில் குச்சியும் ஒரு பாலிதீன் தாளும் போதும், நிழலில் வைத்தால் சரி. காற்றில் ஈரம் வேண்டுமே தவிர மண் சொதசொதவென்று இருக்கக்கூடாது. மண்ணில் காற்று இல்லாவிட்டால் வெட்டுவாய் கறுத்து அழுகும். ஆற்று மணலோ, கழுவிய எம்-சாண்டில் தூளை நீக்கியதோ, நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவோ எடுத்துக்கொள்ளலாம். எரு வேண்டவே வேண்டாம். வேர் வராத குச்சிக்கு எருவால் எந்தப் பயனும் இல்லை, பூஞ்சைக்குத்தான் விருந்து.

இந்த மணல் விஷயத்தில் தங்கச்சிமடத்துக்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்து வருடங்களாகிவிட்டன. ஆனால் அந்த மல்லியை நடுகிறவர்கள் நாற்று வாங்கப் போவது இராமேசுவரத் தீவுக்கும் மண்டபம் பக்கத்துக்கும். அந்தக் கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது, காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. குச்சிகளை நெருக்கமாகச் செருகி வேர் பிடிக்க வைத்து, கட்டுக்கட்டாக வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்புகிறார்கள். இடத்தின் இயல்பைத் தொழிலாக்கிக்கொண்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் மல்லி நடுகிறவர்கள் ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு, ரொம்ப இளசும் இல்லாமல் ரொம்ப முற்றலும் இல்லாத குச்சியாக எடுங்கள். பூத்துக்கொண்டிருக்கும் குச்சி வேண்டாம்.

அடி எது நுனி எது என்று மாறிவிடாமல் இருக்க, அடியில் சாய்வாகவும் நுனியில் நேராகவும் வெட்டுவது எங்கள் வழக்கம். தலைகீழாக நட்டால் குச்சி அதை மறக்காது. அடிப்பக்கம் மேலே இருந்தாலும் வேர் விடும் குணம் அங்கேயேதான் நிற்கும். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வரட்டும்.

வேர் ஊக்கிப் பொடி வேண்டுமா என்று கேட்பார்கள். முருங்கை, செம்பருத்தி, மல்லிக்கு இல்லாமலே நடக்கும். போகன்வில்லா, மாதுளை, கெட்டித் தண்டு உள்ளவற்றுக்கு உதவும். பொடியில் இருப்பது பெரும்பாலும் ஐபிஏ என்ற வளர்ச்சி ஊக்கி. இளம் தண்டுக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) அளவிலும், முற்றிய தண்டுக்கு 3000, அதற்கு மேலும் என்று பல அளவில் கிடைக்கிறது. அடியை லேசாகத் தொட்டு, அதிகப்படியானதைத் தட்டிவிட வேண்டும். கூடப் போட்டால் கூட வேர் வரும் என்பது இல்லை, அளவு மீறினால் அடி கருகும். இளநீர், கற்றாழை என்று வீட்டு வைத்தியம் செய்கிறவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் சரியான குச்சியும் நிழலும் இல்லாத இடத்தில் அவையும் கைகொடுக்காது, பொடியும் கைகொடுக்காது.

இனி பதியம். கொய்யா ஊர்க்காரி என்பதால் எனக்கு இதில் தனிப் பிரியம். செடி தாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வேர் வரவைத்து, பிறகு பிரிக்கிறோம். பிள்ளைத்தாச்சியைப் பார்த்துக்கொள்வது மாதிரியான பொறுமை வேண்டும் என்று மாமா சொல்வார், அது ரொம்பச் சரி.

பென்சில் கனத்திலிருந்து சுண்டுவிரல் கனம் வரை உள்ள, வெயில் படும் பக்கத்துக் கிளை. நுனியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே, கணுவுக்குக் கீழே, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுக்க வேண்டும். இங்கேதான் வேலை இருக்கிறது. பட்டையை உரித்ததும் வெளுத்த கட்டை தெரியும், அதன் மேல் வழவழவென்று ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதைக் கத்தி முதுகால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். விட்டால் அந்தப் படலம் மறுபடி பட்டையை உண்டாக்கி வெட்டைச் சேர்த்துவிடும். கிளை சௌக்கியமாக இருக்கும், வேர் மட்டும் வராது.

ஏன் வளையம் எடுக்கிறோம் என்று தெரிந்தால் கை தானாகச் சரியாக வரும். தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே போகிறது, அதை நாம் தொடவில்லை, அதனால் கிளை வாடாது. இலை தயாரிக்கும் சர்க்கரையும் நுனியில் உண்டாகும் வளர்ச்சி ஊக்கியும் பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். அந்த வழியை அடைத்துவிட்டோம். எல்லாம் வெட்டின் மேல் விளிம்பில் வந்து தேங்கும், வேர் அங்கேதான் புறப்படும். ஆகவே வேர் ஊக்கி பூசுவதானால் மேல் விளிம்பில் பூசுங்கள், நடுவில் பூசி வீணாக்க வேண்டாம். கட்டும் பொட்டலமும் மேல் விளிம்பைத் தாராளமாக மூடட்டும்.

பொட்டலத்துக்கு முன்பெல்லாம் மலைப்பாசியைத்தான் வைப்பார்கள். இன்றும் சிலர் வைக்கிறார்கள். சோலைக்காட்டில் வளரும் பாசி அங்கேயே இருக்கட்டும், அது காட்டின் தண்ணீர்த் தொட்டி. கழுவிய தென்னை நார்க்கழிவு அதே வேலையைச் செய்கிறது, நம் ஊரில் மலிவாகவும் கிடைக்கிறது. நனைத்து, கையில் இறுக்கிப் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, அந்தப் பதம். பாலிதீனில் வைத்துச் சுற்றி இரண்டு முனையையும் இறுகக் கட்டுங்கள். மேல் கட்டு தளர்ந்தால் மழைத் தண்ணீர் கிளை வழியே இறங்கி உள்ளே நிரம்பும். கீழ்க் கட்டு தளர்ந்தால் எறும்பு குடியேறும். மழைக்காலத்தில் கொய்யாவுக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பாலிதீன் வழியாக வெள்ளை வேர் தெரியும். கோடையில் போட்டால் பொட்டலம் காய்ந்துபோகும். ஆடிச் சாரல் தொடங்கியதிலிருந்து கார்த்திகை வரை எங்களுக்குப் பதியப் பருவம்.

வேர் தெரிந்ததும் வெட்டிவிடுவார்கள், அவசரம். வெள்ளை வேர் கொஞ்சம் பழுப்பாகி, கிளைவிட்டுப் பின்ன ஆரம்பிக்கும்வரை விடுங்கள். அப்போதும் ஒரேயடியாக வெட்டாமல், வளையத்துக்குக் கீழே பாதி ஆழம் ஒரு வெட்டுப் போட்டு, ஒரு வாரம் கழித்து மீதியை வெட்டுங்கள். செடி தன் வேரை நம்பப் பழகிக்கொள்ளும். பைக்கு மாற்றும்போது பாதி இலையைக் குறைத்து, நிழல்வலைக்குள் ஒரு மாதமாவது வைக்க வேண்டும். பதியம் செத்துப்போவது மரத்தில் குறைவு, இந்த ஒரு மாதத்தில்தான் அதிகம்.

பதியத்தில் வந்த செடி சீக்கிரம் காய்க்கும், ஏனென்றால் அது கன்று அல்ல, பெரிய மரத்தின் கிளை. அதே காரணத்தால் அதற்கு ஆணிவேர் கிடையாது. எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று ஆளையே தள்ளும். பழனி, தாராபுரம் பக்கத்தில் பதியச் செடி நடுகிறவர்கள் முதல் இரண்டு வருடம் முட்டுக் கொடுக்க வேண்டும், முதல் வருடப் பூவையும் கிள்ளிவிட வேண்டும். எலுமிச்சை, மாதுளை, இட்லிப்பூ எல்லாவற்றுக்கும் இதே பதிய முறை பொருந்தும். தழைந்து தொங்கும் முல்லைக் கொடியையோ மல்லிக் கிளையையோ தரையில் வளைத்து, பாதியில் சிறு கீறல் போட்டு, மண் அணைத்துக் கல் வைத்துவிட்டால் அது தரைப் பதியம். இதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நம் பாட்டிமார் செய்துகொண்டே இருந்ததுதான்.

ஒட்டு வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூருக்குப் போய்ப் பாருங்கள். ஊரைச் சுற்றி வரிசை வரிசையாக மாங்கன்றுகள். மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளிலிருந்து வரும் கொட்டைகள் அடிச்செடிகளாக முளைத்து நிற்கும். ஒட்டுக் கட்டும் ஆள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல், பேச்சு நிற்காமல், கட்டிக்கொண்டே போவார். முன்பு நெருக்கு ஒட்டு அதிகம்; தொட்டியில் உள்ள கன்றைத் தாய்மரத்துக் கிளையோடு சேர்த்துக் கட்டி, இரண்டு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார்கள். இப்போது பெரும்பாலும் இளந்தண்டு ஒட்டு. தாய்மரத்திலிருந்து குச்சியை மட்டும் வெட்டி வந்து கன்றின் மேல் செருகிக் கட்டுவது.

குச்சித் தேர்வில்தான் முக்கால் வெற்றி. காய்த்துக்கொண்டிருக்கும், பழத்தை நீங்களே தின்று பார்த்த மரமாக இருக்க வேண்டும். வெளிப்பக்கக் கிளையில் மூன்று நான்கு மாத வயதுள்ள, பென்சில் கனத் துளிர். உள்பக்கம் செங்குத்தாகக் கிளம்பும் கொழுத்த கிளை பார்க்க அழகாக இருக்கும், அதைத் தொடாதீர்கள். தேர்ந்த குச்சியை உடனே வெட்டாமல், இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி கிள்ளிவிட்டு ஒரு வாரம், பத்து நாள் மரத்திலேயே விட வேண்டும். அதற்குள் காம்புகள் உதிரும், நுனி மொட்டு பருத்து விரியத் தயாராகும். விரிந்துவிட்டால் காலம் கடந்தது. அந்த நேரத்தில் வெட்டி வந்து கட்டினால் பதினைந்து இருபது நாளில் தளிர் தள்ளும்.

கன்றின் தலையைச் சீவி நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு மாதிரி இருபுறமும் சீவிச் செருக வேண்டும். சீவுவது ஒரே இழுப்பில் இருக்கட்டும். மேடு பள்ளம் இருந்தால் இரண்டும் ஒட்டாது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் பச்சைப் படலம்தான் உயிருள்ள வளர்திசு. குச்சியின் படலமும் கன்றின் படலமும் தொட்டால்தான் ஒட்டு. கனம் வேறாக இருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி, அந்த ஒரு பக்கமாவது சேரும்படி செய்யுங்கள். வாழைக்கும் தென்னைக்கும் பனைக்கும் இப்படி ஒரு படல வளையம் கிடையாது, அதனால் அவற்றில் இப்படி ஒட்டுக் கட்ட முடியாது. பிறகு பாலிதீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, பால்ஐஸ் அடைக்கிற நீளமான சிறு பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்துக் கட்டினால், குச்சி காயாமல் இருக்கும். வெட்டியதிலிருந்து கட்டி முடிக்கும் வரை விரல் படக்கூடாது, வெயில் படக்கூடாது, நேரம் கடத்தக்கூடாது.

ஒட்டுக்கட்டியவர் வேலை அங்கே முடிகிறது, வாங்கியவர் வேலை தொடங்குகிறது. அடிச்செடி தன்பாட்டுக்குக் கீழிருந்து துளிர் விட்டுக்கொண்டே இருக்கும். சப்போட்டாவில் இது ரொம்பவே நடக்கும். சப்போட்டாவை ஒட்டுவது பாலை மரத்துக் கன்றின் மேல். கோடியக்கரைக் காட்டிலும் இலங்கையின் வன்னிப் பகுதியிலும் பாலைப்பழம் தருகிற அதே மரம்தான். வறட்சிக்கு அசையாத வேர், ஆனால் கன்று மெதுவாக வளரும், அதனால் சப்போட்டா ஒட்டு விலை கூடுதல். ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் படம் எடுத்துக்கொண்டு வந்தார். வேறெங்கோ வாங்கி நட்ட சப்போட்டா வருடக்கணக்கில் காய்க்கவில்லையாம். இலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சப்போட்டா இலை நுனி கூராக முடியும், பாலை இலை நுனி உள்வாங்கியிருக்கும். சப்போட்டா எப்போதோ செத்து, பாலை மரமாக வளர்ந்து நின்றது. நல்ல மரம், வெட்டாதீர்கள் என்று சொல்லி, வேறொரு சப்போட்டா கொடுத்தனுப்பினேன்.

கிளையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை மிளகில் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது. மிளகுக் கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடுகிற கொடியை எடுத்து நட்டால் மரம் ஏறும். காய்க்கிற பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்தால் ஏறவே ஏறாது, தொட்டியில் புதராக நின்று காய்க்கும். ஒரே கொடி, ஒரே ரகம், வெட்டிய இடம் மட்டும் வேறு. அதையே பிரேசில் திப்பிலியின் மேல் ஒட்டினால் தண்ணீர் தேங்கினாலும் வாடல் நோயைத் தாங்கி நிற்கும். மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்தப் புதர் மிளகுதான். கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிற அரகேரியாவிலும் இதே கதை. பக்கக் கிளையை வேர்விட வைத்தால், அது காலத்துக்கும் பக்கக் கிளையாகவே சாய்ந்து வளரும், நிமிராது.

தாயின் நல்லது வருவது போலவே கெட்டதும் வரும். இதற்கு எங்கள் மாவட்டத்து மலைவாழையே சாட்சி. சிறுமலையிலும் பழனிக் கீழ்மலையிலும் மணக்க மணக்க விளைந்த மலைவாழையை முடிக்கொத்து நோய் எப்படி அழித்தது என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அது நச்சுயிரி (வைரஸ்) நோய், அசுவினிப் பூச்சி பரப்பும். தோட்டம் விட்டுத் தோட்டம், மலை விட்டு மலை கொண்டுபோனது கன்றுதான். பார்க்கத் தெளிவாக இருக்கும் கன்றுக்குள்ளும் நோய் இருக்கலாம். அதனால் கன்றைப் பார்த்து வாங்காதீர்கள், கன்று எடுத்த தோட்டத்தைப் பாருங்கள். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும் வாழை ஒன்று அந்தத் தோட்டத்தில் இருந்தாலும் அங்கே எடுக்க வேண்டாம். நோய்ச் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்று இந்த ஒரு காரணத்துக்காகவே விலைக்குத் தகும். தோட்டத்திலேயே எடுப்பதானால், கத்தி மாதிரி குறுகிய இலையோடு அடி பெருத்த ஈட்டிக் கன்றை எடுங்கள். அகல இலை விரித்த நீர்க்கன்று வலு இல்லாதது.

நாற்று வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு சொல். ஒட்டு உண்மையில் ஒட்டுதானா என்று இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். மேலும் கீழும் பட்டை நிறம் மாறியிருக்கும், அந்த இடம் சற்றுத் தடித்திருக்கும். நடும்போது அந்த இணைப்பு மண்ணுக்கு மேல் அரையடியாவது இருக்கட்டும். பிளாஸ்டிக் நாடா இருந்தால் ஒட்டு கூடிய பிறகு அவிழ்த்துவிடுங்கள். மறந்தால் அது கழுத்தை நெரித்து, காற்றில் அந்த இடத்திலேயே முறியும். எல்லாவற்றுக்கும் மேல், தாய்மரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டுகிற பண்ணையில் வாங்குங்கள்.

உங்கள் ஊரில் பெயரே இல்லாத ஒரு மாமரம் இருக்கும். கோயில் மேட்டிலோ, வாய்க்கால் கரையிலோ, பாட்டன் வைத்த தோப்பின் மூலையிலோ. அதன் ருசி வேறெங்கும் கிடைக்காது. சாலை அகலப்படுத்தவோ வீடு கட்டவோ அது போகப் போகிறது என்று தெரிந்தால், தயவுசெய்து மரம் விழுந்த அன்றைக்கு ஓடி வராதீர்கள். வயதான மரத்தில் ஒட்டுக்கு ஏற்ற துளிர் குறைவு. நான்கைந்து மாதம் முன்பே வெயில் படும் ஒரு கிளையைக் கவாத்து செய்துவிட்டால் புதுத் துளிர் கிளம்பும். அது பென்சில் கனம் வந்து, நிறம் முற்றியதும் இலையைக் கிள்ளி, ஒரு வாரம் கழித்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பாலிதீனில் போட்டால் நிழலில் மூன்று நான்கு நாள் தாங்கும். பக்கத்தில் உள்ள எந்த நாற்றுப் பண்ணையில் கொடுத்தாலும் கட்டித் தருவார்கள். குறைந்தது பத்துக் குச்சியாவது எடுங்கள், எல்லாமே பிழைக்காது. பிழைத்ததை ஒரே வீட்டில் நடாமல் இரண்டு மூன்று வீட்டில் நடுங்கள்.